சின்னக் கைக்கு ஒரு துப்பாக்கி

கையில் பிடித்துப் பார்க்காமல் அந்த அக்கா எதையும் வாங்கியதில்லை. பிடித்துப் பார்ப்பது என்றால் நாம் வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்ப்பது போல அல்ல. தோசைக் கரண்டி வாங்கப் போனால் கடை நடுவில் நின்று, இல்லாத கல்லில் இல்லாத தோசையைச் சுரண்டித் திருப்பிப் போடுவார். குக்கர் என்றால் மூடியைப் போட்டுக் கழற்றி, போட்டுக் கழற்றி, கடைக்காரரே வந்து "வேற காட்டட்டுமா?" என்று கேட்கும்வரை விடமாட்டார். பின்னால் தள்ளுவண்டியோடு நிற்பவர்கள் பெருமூச்சு விடுவார்கள். கூடப் போன நான், போனில் ஏதோ தலைபோகிற செய்தி வந்துவிட்ட மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

டெக்ஸாஸில் காப்பெல் என்ற ஊரில், எங்கள் தெருவில் இரண்டு வீடு தள்ளி அவர் வீடு. சொந்த ஊர் கோபிச்செட்டிப்பாளையம் பக்கம். ஆள் என்னைவிட நல்ல உயரம், கை மட்டும் எட்டாவது படிக்கிற பெண்ணின் கை. வளையல் கடையில் ரெண்டு-ரெண்டு அளவு கேட்டால், கடைப்பெண் பிள்ளைகளுக்கான தட்டை எடுத்து வந்து "பாப்பாவுக்கு என்ன கலர்ல வேணும்?" என்பாள். அக்கா மணிக்கட்டை நீட்டுவார்.

அமெரிக்காவில் எல்லாமே பெரிய கைகளுக்குச் செய்தது. பால் கேனின் பிடி, ஊறுகாய் பாட்டிலின் மூடி, கார் ஸ்டியரிங், எல்லாம். நாங்களும் வந்த புதிதில் தடுமாறியவர்கள்தான், ஆனால் சரிபண்ணிக்கொண்டோம். புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல எங்களிடம் ஒரே வார்த்தை உண்டு. வெயிலா, பழகிடும். தனிமையா, பழகிடும். வீட்டுக்காரர் திங்கட்கிழமை விமானம் ஏறி வியாழக்கிழமை இறங்குகிறாரா, அதுவும் பழகிடும். நான் இதை யார் யாரிடமோ சொல்லியிருக்கிறேன், எனக்கே அலுத்துப்போகும் அளவுக்கு. அக்காவிடமும் ஒரு தடவை சொன்னேன்.

"பழகாதுங்க அம்மிணி," என்றார். "பழகிருச்சுன்னு நாமளா சொல்லிக்கிறதுதான் அது."

சண்டை போடுகிற தொனியே இல்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வது மாதிரி சொன்னார். ஆனால் அந்தக் குணத்தோடு வாழ்வது கூட இருப்பவர்களுக்கு லேசுப்பட்ட காரியம் அல்ல. ஒரு கார் வாங்க ஒரு கோடை முழுக்க எடுத்துக்கொண்டார். மைலேஜ் பற்றி ஒரு கேள்வி கிடையாது. ஒவ்வொரு காரிலும் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைச் சுற்றி விரல்கள் சேருகின்றனவா என்று பார்ப்பார், இறங்கிவிடுவார். அவர் வீட்டுக்காரர் நல்ல மனிதர், ஆனால் அந்தக் கோடையில் அவர் முகம் வெந்நீரில் போட்ட கீரை மாதிரி ஆகிவிட்டது.

இப்படிப்பட்டவருக்குத் துப்பாக்கி வாங்க நேர்ந்ததுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

ஒரு நாள் பகலில் அவர் வீட்டின் பின்கதவுக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு ஆட்கள் நுழைந்தார்கள். நம்மவர்கள் வீட்டில் தங்கம் இருக்கும் என்பது இந்தப் பக்கத் திருடர்களுக்கு நன்றாகத் தெரியும். வீட்டுக்காரர் வேறு ஊரில், மகன் ஆஸ்டினில் காலேஜில். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தவர், சத்தம் கேட்டதும் சமையலறையை ஒட்டிய சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதற்குத் தாழ்ப்பாள் கிடையாது. உள்ளிருந்து குமிழைப் பிடித்து இழுத்துக்கொண்டு நிற்க வேண்டும். வழுவழுப்பான உருண்டைக் குமிழ். அவர் கைக்கு அது அடங்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்தும் வியர்வையில் நழுவிக்கொண்டே இருந்ததாம். மாடிக்குப் போனவர்கள் இறங்கி வந்து அந்தக் கதவைத் தாண்டிப் போனார்கள். திறந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

போலீஸ் வந்து கேட்டபோது எத்தனை பேர், என்ன நிறம், என்ன உடை எதுவும் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. குமிழைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், போன வளையல்களைப் பற்றி. "அதை அவனுக வீட்டுல யாருக்குப் போட முடியும்? எந்தப் பொம்பள கையிலயும் ஏறாதுங்களே. உருக்கத்தான் போறானுக."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவரால் தனியாக இருக்க முடியவில்லை. திங்கட்கிழமை வீட்டுக்காரர் கிளம்பியதும் பையை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிடுவார். நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவள். எனக்கு மீட்டிங் நிறைய இருந்தால் தொந்தரவு என்று அவராகவே போய், லைப்ரரி வாசலில் காரை நிறுத்திக்கொண்டு சாயங்காலம்வரை அதற்குள்ளேயே உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் காய்கறி வாங்கப் போனபோது நான் பார்த்தேன். நல்ல வெயில், கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டு, சீட்டைச் சாய்க்கக்கூட சாய்க்காமல் நேராக உட்கார்ந்திருந்தார்.

இப்படியே போனால் ஊருக்கே போய்விடுவது என்று பேச்சு வந்தது. அவர் போனால் வீட்டுக்காரர் இங்கே தனியாக. கிரீன் கார்டு வரிசையில் பல வருஷமாக நிற்பவர்கள். ஒரு தடவை வெளியே போனால் திரும்பி வர விசா முத்திரை எப்போது கிடைக்கும் என்று எந்தச் சாமிக்கும் தெரியாது. ஆக, அந்த வீட்டில் ஒரு பகல் பொழுதை அவர் தனியாகக் கழிக்க முடியுமா முடியாதா என்பதில் ஒரு குடும்பம் சேர்ந்திருப்பதா பிரிவதா என்பதே அடங்கியிருந்தது.

துப்பாக்கி யோசனை, ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவரும் ஒரு பாட்லக் சாப்பாட்டில் வந்தது. வீட்டுக்காரரின் நண்பர் ஒருவர் வடையைச் சட்னியில் தோய்த்துக்கொண்டே, "டெக்ஸாஸ்ல இருந்துக்கிட்டு ஒரு கன் இல்லாம எப்படிங்க?" என்றார். நாலைந்து ஆண்கள் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலில் முடிவாகிவிட்டது. அக்கா மட்டும் ஒரு கேள்வி கேட்டார்.

"என்ற கைக்கு ஆகற மாதிரி கெடைக்குமுங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அடுத்த சனிக்கிழமைகள் எல்லாம் என் தலையில்தான் விடியப்போகின்றன என்பதும் தெரிந்துபோயிற்று. வீட்டுக்காரருக்கு அந்தக் கார் வாங்கிய கோடையே ஆயுசுக்கும் போதுமாக இருந்தது.

முதல் சனிக்கிழமை வெறுங்கையோடு திரும்பி வந்தோம். சுடுபயிற்சிக் கூடத்தின் கவுண்டரில் இருந்த பெண், சிட்டிசனா, கிரீன் கார்டா என்று கேட்டாள். நான் சிட்டிசன். அக்கா இரண்டும் இல்லை. "சாரி மேம்," என்று புன்னகைத்தாள். விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியைத் தொடக்கூடாதாம். வீட்டுக்காரர் ராத்திரி உட்கார்ந்து சட்டத்தைத் துருவி ஒரு சந்து கண்டுபிடித்தார். வேட்டை லைசென்ஸ் வைத்திருக்கும் வெளிநாட்டவருக்கு விலக்கு உண்டு. ஆகவே அக்கா வேட்டைக்காரி ஆக வேண்டும்.

வீட்டில் பல்லி வந்தால் டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்து, கீழே அட்டையைச் செருகி, புல்வெளிவரை நடந்து போய் விட்டுவிட்டு வருகிற மனுஷி அவர். முட்டைகூட இல்லாத சைவம். அவர் ஆன்லைனில் வேட்டைப் பாடம் படித்தார். மானின் இதயம் எந்த இடத்தில் இருக்கிறது, எந்தக் கோணத்தில் நின்றால் சுடக்கூடாது, எல்லாம். பரீட்சையில் ஒரு தப்பு இல்லை.

"அந்த மான் படத்தைத்தான் பாக்க முடியலீங்க," என்றார் என்னிடம். "கையால மறைச்சுட்டுப் படிச்சேன். என்ற கைக்கு முழுசா மறைக்கக்கூட முடியல, கொம்பு தெரிஞ்சுட்டே இருந்துச்சு."

இந்த ஊரில் வேட்டை லைசென்ஸ் விளையாட்டுச் சாமான் கடையில்தான் கிடைக்கும். அதைக் கொடுத்த பையன், "இந்த சீசன்ல என்ன மேம் வேட்டையாடப் போறீங்க, மானா, காட்டுப் பன்றியா?" என்று கேட்டான். அக்கா சுத்தமான ஆங்கிலத்தில், "ஒன்றுமில்லை, நான் வெஜிடேரியன்," என்றார். பையன் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அச்சான தாளைக் கிழித்துக் கொடுத்தான். கார்வரை சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்தத் தாளை மடித்து, பர்ஸில் பழனி முருகன் படத்துக்குப் பின்னால் வைத்தவர், ஒரு கணம் யோசித்துவிட்டு எடுத்துப் பர்ஸின் வேறு மடிப்பில் வைத்தார்.

லைசென்ஸ் வந்த பிறகு நாங்கள் போய்க்கொண்டிருந்த கடையில் ஒரு தாடிக்காரர் இருந்தார். கடைக்குப் பின்னாலேயே சுடுபயிற்சிக் கூடம். வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்த்துவிட்டு வாங்கலாம். அக்காவின் கையைப் பார்த்ததுமே அவர் ஒரு குட்டித் துப்பாக்கியை எடுத்துவைத்தார். உள்ளங்கை அளவு, ரோஸ் கலர் பிடி. பெண்களுக்கென்றே வந்ததாம். அக்கா கையில் பொம்மை மாதிரி உட்கார்ந்தது. எனக்கு ஒரே சந்தோஷம், வேலை முடிந்தது, சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடலாம் என்று.

உள்ளே போய் நான்கு தோட்டா சுட்டவர் முகம் சுளித்து வெளியே வந்தார். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சிவந்துபோயிருந்தது.

"குட்டியா இருந்தா சின்னக் கைக்கு ஆகும்னு நெனச்சுக்கறாங்க அம்மிணி. குட்டிதான் அதிகமா ஒதைக்குது. எடை இருந்தாத்தானே அது ஒதைய வாங்கிக்கும்? இதுல எல்லா ஒதையும் என்ற கைக்கே வந்துருது."

சரி என்று பெரிது எடுத்தால், பிடி தடிமன். விரல் நுனிதான் விசைக்கு எட்டியது. எட்டச் செய்யக் கையைக் கொஞ்சம் திருப்பினால் குண்டு எல்லாம் இடப்பக்கம் போனது. இன்னொன்று பிடி சரி, விசை சரி, ஆனால் மேலே உள்ள இரும்புத் தகட்டைப் பின்னால் இழுத்தால்தான் தோட்டா ஏறும். அந்த ஸ்பிரிங் அவருக்கு அசையவே இல்லை. தாடிக்காரர் தோளைக் குலுக்கி, "கொஞ்ச நாளில் பழகிவிடும் மேம்," என்றார்.

உலகம் பூராவும் அதே வார்த்தை. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"நோ," என்றார் அக்கா. "ஐ டோன்ட் கெட் யூஸ்ட் டு திங்ஸ்."

கையில் கிடந்த கண்ணாடி வளையலைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். தாடிக்காரர் எடுத்துத் தன் கையில் போட்டுப் பார்த்தார். மூன்று விரலைச் சேர்த்து நுழைத்ததிலேயே சிக்கிக்கொண்டது. மெதுவாக உருவி, இரண்டு கையாலும் பிடித்து அவரிடம் திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகு பழகிவிடும் என்று அவர் சொல்லவே இல்லை. நாங்கள் வருவதைப் பார்த்தால், "இந்த வாரம் ஒன்று வந்திருக்கிறது," என்று தானே எடுத்துவைப்பார்.

ஏன் இத்தனை இழுவை என்று நான் ஒரு தடவை கேட்டேவிட்டேன். வாங்கிப் பார்ப்போம், சரிவரவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுவோம், நாம் எதைத்தான் திருப்பிக் கொடுக்கவில்லை என்று. வாங்கிய பொருளின் அட்டைப்பெட்டியை வருஷக்கணக்கில் பரணில் காப்பாற்றுகிற ரகம் நாங்கள். அக்கா தலைக்கு மேல் சுவரைக் காட்டினார். துப்பாக்கிகள் திருப்பி எடுத்துக்கொள்ளப்பட மாட்டா என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. இந்த நாட்டில் அப்படி ஒரு பலகையை நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்காரர் ஏர்போர்ட்டிலிருந்து போன் செய்வார். ஸ்பீக்கரில் கேட்கும். "ஏதாச்சும் ஒண்ணை எடுத்துத் தொலை சாமி. வீட்டுல கெடந்தாப் போதும். அதை வெச்சு நீ என்ன சண்டைக்கா போகப் போறே?"

"வீட்டுல கெடக்கறதுக்கு ஒலக்கை போதுமே," என்று அக்கா போனை வைத்துவிடுவார்.

துப்பாக்கி தேடிய அந்தக் கோடையில் எனக்கு எல்லாமே அலுப்பு. ஆபீஸில் பாதிப் பேரை அனுப்பியிருந்தார்கள், அவர்கள் வேலையும் என் தலையில். சனிக்கிழமைகளில் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், காதுக்கவசத்தை மாட்டிக்கொண்டு லேப்டாப்பை மடியில் வைத்திருப்பேன். அந்தப் பக்கம் டப், டப் என்று கேட்டுக்கொண்டிருக்கும். நிமிர்ந்து பார்த்தால் பெரிய பெரிய ஆண்களுக்கு நடுவே சுடிதார் போட்ட முதுகு ஒன்று, தோள்களை உயர்த்தி, காலை அகட்டி. இந்தப் பொம்பளைக்கு ஏன் ஒன்றுகூட ஒத்துப்போக மாட்டேன் என்கிறது என்று எரிச்சல் வரும். லைப்ரரி வாசலில் அவரைப் பார்த்தது ஞாபகம் வரும். மறுபடி லேப்டாப்பைப் பார்ப்பேன்.

வெயில் தணிந்த ஒரு சனிக்கிழமை அது கிடைத்தது. குட்டியும் இல்லை, பெரிதும் இல்லை. கொஞ்சம் கனம். பிடி மட்டும் பாதி கரைந்த சோப்பு மாதிரி தட்டையாக இருந்தது. பின்பக்கத்துப் பட்டையைக் கழற்றி இன்னும் மெல்லியது ஒன்றைத் தாடிக்காரர் மாட்டிக் கொடுத்தார். மேல்தகடு அக்காவின் இழுப்புக்குச் சிணுங்காமல் வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கையைத் தொங்கவிட்டார், தூக்கினார், தொங்கவிட்டார், தூக்கினார். கண்ணைத் திறந்தபோது ஒவ்வொரு தடவையும் விரல் தன் இடத்தில் போய் உட்கார்ந்திருந்தது.

"அம்மிணி, இது கையில இருக்கறதே தெரியலீங்க," என்றார். இத்தனை வருஷத்தில் இந்த நாட்டுச் சாமான் ஒன்றைப் பற்றி அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

உள்ளே போய்ச் சுட்டார். குறி வரைந்த தாளை எடுத்து வந்தபோது ஓட்டைகள் நடுவில் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன. தாடிக்காரர் விசிலடித்தார்.

அதற்குப் பிறகு அக்கா வீட்டில் இருக்க ஆரம்பித்தார். நடைக்கோடியில் ஒரு மேஜை இழுப்பறையில், விரல் வைத்தால் திறக்கும் சின்னப் பெட்டிக்குள் அது இருந்தது. பதினோரு மணி வாக்கில் போன் வரும். "வீட்டுலதான் இருக்கேனுங்க. பருப்பு வேகுது." வேறு செய்தி ஒன்றும் கிடையாது, அதைச் சொல்லத்தான் போன். அந்தக் குரலைக் கேட்க எனக்கும் தெம்பாக இருந்தது. ஊருக்குப் போகிற பேச்சு நின்றது. வீட்டுக்காரர் முகத்தில் ரத்தம் திரும்பியது.

எங்கள் தெருவில் தமிழ் வீடுகளுக்குள் ஒரு வழக்கம் உண்டு. யாரும் வாசல் மணியை அடிப்பதில்லை. கராஜ் கதவின் எண் எல்லாருக்கும் தெரியும். எண்ணை அழுத்தி, கதவு கடகடவென்று ஏறும்போதே "அக்கா" என்று ஒரு குரல் கொடுத்து, செருப்பைக் கராஜிலேயே விட்டுவிட்டு, மாவோ குழம்போ கொண்டுவந்ததை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு உட்கார்ந்துகொள்வோம். என் மகனுக்கு இது புரிவதே இல்லை. "மாம், நார்மல் பீப்பிள் டெக்ஸ்ட் பண்ணுவாங்க," என்பான். இந்த ஊரில் என்னை மனுஷியாக வைத்திருந்த ஒன்றிரண்டு விஷயங்களில் அது ஒன்று என்று அவனுக்கு எப்படிச் சொல்வது?

ஒரு செவ்வாய்க்கிழமை காலை இட்லி மாவு எடுத்துக்கொண்டு போனேன். காதில் ஆபீஸ் மீட்டிங் ஓடிக்கொண்டிருந்தது. எப்போது என்னைக் கூப்பிடுவார்களோ என்று ஒரு காதை அங்கேயே வைத்துக்கொண்டு, எண்ணை அழுத்தி, செருப்பைக் கழற்றி உள்ளே போனேன். குரல் கொடுக்கவில்லை.

நடையின் கோடியில் அக்கா நின்றிருந்தார். காலை அகட்டி, தோளை உயர்த்தி, இரண்டு கையாலும் பிடித்து என் நெஞ்சுக்கு நேராக நீட்டியபடி. விரல், சொல்லிக்கொடுத்த மாதிரியே, விசைக்கு வெளியே நீளமாகப் படுத்திருந்தது. என் காதில் யாரோ அடுத்த வாரம் எதை முடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, நான்தான்," என்றேன்.

அவர் துப்பாக்கியின் மூக்கைத் தரைப்பக்கம் தாழ்த்தினார். தோட்டா அடுக்கை உருவினார், தகட்டை இழுத்து உள்ளே இருந்த ஒன்றையும் வெளியே எடுத்தார், எல்லாவற்றையும் மேஜைமேல் வரிசையாக வைத்தார். பிறகு வந்து என் கையிலிருந்த மாவு டப்பாவை வாங்கிக்கொண்டு போய் ஃபிரிட்ஜில் வைத்தார். அதற்குப் பிறகுதான் அங்கேயே தரையில் உட்கார்ந்தார். நானும் எதிரில் உட்கார்ந்தேன். காதில் இருந்ததைப் பிடுங்கிப் போட்டேன்.

அக்கா தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நடுங்கலீங்க அம்மிணி."

"விடுங்கக்கா. ஒண்ணும் ஆகல."

"இல்லீங்க. கை நடுங்கவே இல்ல. எடுத்தது தெரியல, தோட்டா ஏத்துனது தெரியல. வேற எந்தத் துப்பாக்கியா இருந்தாலும் இழுக்கவே ரெண்டு நிமிசம் ஆயிருக்கும். அதுக்குள்ள நீங்க இருமியிருப்பீங்க, தும்மியிருப்பீங்க, நீங்கதான்னு தெரிஞ்சிருக்கும். இது அவ்வளவு வாகா இருக்குதுங்க."

அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. எழுந்து காபி போட்டார். காபியை நான்தான் சிந்தினேன்.

மறுநாள் காலையில் போன் செய்தார். "வண்டி எடுக்கறீங்களா? கடைக்குப் போகோணும்."

தாடிக்காரர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, விசை இறுகிவிட்டதா, பிடி வழுக்குகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அக்காவிடம் எப்போதும் நீளமாக ஒரு குறைப் பாட்டு இருக்கும் என்று அவருக்குத் தெரியுமே.

"ஒரு குறையும் இல்லை," என்றார் அக்கா ஆங்கிலத்தில். "எனக்கு மிக நன்றாகப் பொருந்துகிறது. நீங்கள் ரொம்ப உதவி செய்தீர்கள்." பெட்டியை அவர் பக்கம் தள்ளினார். "இது வேண்டாம். வேறு எதுவும் வேண்டாம்."

தாடிக்காரர் என்னைப் பார்த்தார். நான் சுவரிலிருந்த அந்தப் பலகையைப் பார்த்தேன். பழைய சாமானாக எடுத்துக்கொண்டு என்ன கொடுத்தாரோ, அக்கா பார்க்காமல் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஃப்ரீவேயில் வெகுதூரம் வந்த பிறகு கேட்டேன். "இனிமே பகல்ல எப்படிக்கா தனியா இருப்பீங்க? ஊருக்கே போயிடப் போறீங்களா?"

"போவலீங்க. இருந்துக்கறேன்."

"பயமா இருக்காதா?"

"இருக்கும். பயந்துட்டே இருந்துக்கறேன்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அது என்ற பயமுங்க. அதுக்கு எதுக்கு நீங்க நெஞ்சைக் காட்டிட்டு நிக்கோணும்?"

வீட்டு வாசலில் இறங்கும்போது, "எப்பவும்போல வாங்க. போன் கீன் எல்லாம் வேண்டாம், என்ன?" என்றார். தலையாட்டினேன்.

அப்படித்தான் இருந்தார். பின்கதவுக்கு ஒரு இரும்புக் கம்பி, நாள் முழுக்க அலறுகிற டிவி, மாடி ஏறும்போது எனக்கு ஒரு போன், இறங்கும்போது ஒரு போன். பயம் போய்விட்டது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். லைப்ரரி வாசலில் மட்டும் அந்தக் காரை நான் பிறகு பார்க்கவில்லை.

என்னால்தான் முடியவில்லை. அடுத்த தடவை மாவு எடுத்துக்கொண்டு போய்க் கராஜ் முன்னால் நின்றேன். அது விற்றுப்போயிற்று, என் கண் முன்னால்தான் விற்றது, வீட்டில் இப்போது காய்கறிக் கத்தியைத் தவிர ஒன்றும் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். விரல் எண்பலகைக்குப் போய் நின்றுவிட்டது. போனை எடுத்துக் கூப்பிட்டேன்.

"ஏனுங்க, வெளிய நின்னுட்டா கூப்பிடறீங்க?" என்று வந்து கதவைத் திறந்தார். கை நிறைய டப்பா, எண்ணை அழுத்த முடியவில்லை என்று ஏதோ சொன்னேன். அதற்கு அடுத்த தடவையும் போன் செய்தேன். அப்போதும் வந்து திறந்தார்.

மூன்றாம் தடவை நான் கூப்பிட்டபோது அக்கா போனை எடுக்கவே இல்லை. உள்ளே பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும், கராஜ் கதவு ஏறியது, உள்கதவும் திறந்து கிடந்தது. நடையின் கோடியில், அன்றைக்கு நின்ற அதே இடத்தில், அக்கா நின்றிருந்தார். இரண்டு உள்ளங்கைகளையும் எனக்குத் தெரியும்படி முன்னால் நீட்டிக் காட்டிக்கொண்டு. விளையாட்டுக்கு அல்ல. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "கையைக் கீழ போடுங்கக்கா," என்றேன். நான் உள்ளே வந்து உட்காரும்வரை அவர் போடவில்லை.

பிற்பாடு அவர் வீட்டுக்காரருக்கு வேலை போய், அவர்கள் கோபிக்கே கிளம்பும்வரை அப்படித்தான் நடந்தது. நான் வாசலில் நின்று போன் செய்வேன், கதவு ஏறும், அந்த இரண்டு சின்னக் கைகளும் நடைக்கோடியில் வெறுமையாகத் தெரியும். அதைப் பார்த்த பிறகுதான் என் கால் உள்ளே போகும்.